எங்கள் நோட்டீஸோடு வந்தவர்கள்

போன செவ்வாய்க்கிழமை மாகறலுக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த உபசாரத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உத்திரமேரூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நுகர்வோர் சங்கம் நடத்துகிறோம். ஊர் ஊராகப் போய், ஏமாற்றுப் பேர்வழிகளைப் பற்றி மைக்கில் எச்சரிப்பது எங்கள் வேலை. மைக், ஸ்பீக்கர் எல்லாம் பஷீர் பாயுடையது. பஜாரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். எங்களிடம் வாடகை கேட்டதே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாகறலில் பேசினோம். விஷயம், நகை பாலிஷ். வீடு தேடி வருவார்கள். கிண்ணத்தில் ஆசிட்டை ஊற்றி நகையை முக்குவார்கள். நகை பளபளவென்று திரும்பி வரும். ஆனால் தங்கத்தில் ஒரு பங்கு கரைந்து ஆசிட்டோடு போய்விடும். இதையெல்லாம் விவரமாக அச்சடித்து நோட்டீஸும் கொடுத்தோம். கீழே, செயலாளர் என்று என் பெயர். நல்ல கூட்டம். நல்ல கைதட்டல்!

பேசியதற்கு ஏதாவது பலன் உண்டா என்று பார்க்கத்தான் இந்தத் தடவை போனது. பாயும் கூட வந்தார்.

தெருமுனையிலேயே துளசியம்மாள் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர்கள். வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம்.

"வாங்க சார்! வூட்டாண்ட வந்து மோர் சாப்ட்டுத்தான் போவணும். உங்க ஆளுங்க வந்து இன்னா சுத்தமா பண்ணிக் குடுத்துட்டுப் போனாங்க தெரியுமா?"

"எங்க ஆளுங்களா?"

"ஆமா சார். ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. நீங்க குடுத்த நோட்டீசு கையில வெச்சிக்கினு வந்தாங்களே!"

கழுத்திலிருந்த சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். பளபளவென்று மின்னியது. அந்த மினுமினுப்பைப் பார்த்ததும், என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டேன்.

நடந்தது இதுதான். வந்த இருவரும் எங்கள் நோட்டீஸை வரி விடாமல் படித்துக் காட்டியிருக்கிறார்கள். "திருட்டுப் பசங்க ஏற்கனவே உங்க நகையில கை வெச்சிருக்கானுங்களான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கறோம், இலவசம்" என்றிருக்கிறார்கள். கிண்ணத்தை எடுத்து, மகளுக்குப் போடவேண்டிய அந்தச் சங்கிலியை முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைக் கீழே கொட்டக்கூட இல்லை... "செடி கொடியில பட்டா கருகிடும்மா" என்று பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

என்ன அக்கறை!

போகும்போது ஒரு புத்திமதி வேறு — "இனிமே யார் வந்து கேட்டாலும் நகையக் குடுக்காதீங்க."

நான் எப்படிச் சொல்வேன்? பாய்தான் மெதுவாகச் சொன்னார். "யம்மா, அவங்க எங்க ஆளுங்க இல்ல. வாங்க, ஒரு தபா எட போட்டுப் பாத்துடலாம்."

துளசியம்மாள் சிரித்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

நகை ஆசாரியின் தராசில் வைத்தோம். மூன்று சவரன் சங்கிலி இரண்டரைக்குக்கூட எட்டவில்லை. ஆசாரி திரும்பவும் வைத்துப் பார்த்தார். அதே கதை. துளசியம்மாள் அழவில்லை. "அப்போ அவங்க உங்க ஆளுங்க இல்லியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அதையே இன்னொரு தடவை கேட்டார்.

புகார் எழுதிக் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டையா நோட்டீஸை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல உங்க பேருதானே சார் கீது?"

வாழ்க்கையில் முதல் முறையாக என் பெயரைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

வந்தவர்கள் இன்னும் அகப்படவில்லை. தெரியாதவர்களை நம்பாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தினோமே... நாங்கள் யார்? மாகறலுக்கு நாங்களும் தெரியாதவர்கள்தானே? எங்களை ஒருவராவது "நீ யார்?" என்று கேட்டார்களா? மைக்கில் பேசினால் நல்லவன், அச்சில் வந்தால் உண்மை! அந்தப் பழக்கத்தை ஊருக்குள் கொண்டுபோய் வைத்ததே நாங்கள்தான். அவர்கள் வந்து அறுவடை செய்துகொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காவாந்தண்டலத்தில் கூட்டம். ரத்து செய்துவிடலாமா என்று யோசித்தேன். துளசியம்மாள் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். பாய் நீட்டிய மைக்கை வேண்டாம் என்றார்.

"நான் படிக்காதவ இல்ல. அஞ்சாவது வரிக்கும் போயிருக்கேன். நோட்டீச நானும்தான் படிச்சேன். அவங்க மரியாதியா பேசனாங்க, குடுத்துட்டேன். எம் பொண்ணுக்கு வெச்சிருந்தது" என்றார். சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாரும் கைதட்டவில்லை.

முடிந்து கிளம்பும்போது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றார்.

"இரு சார். நீ யாரு? எந்த ஊரு? உன்ன இங்க யாருக்குத் தெரியும்? நீ மட்டும் நல்லவன்னு நான் எப்டி நம்பறது?"

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. நான் சைக்கிளை விட்டு இறங்கி, கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எங்களைத் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் அந்தப் பெண் வழி விட்டார்.

ரொம்ப சந்தோஷமாக இருந்தது — கொஞ்சம் கோபமும் வந்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்!