ஏழு பாடமும் அரைப் பேரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா. அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் கிடந்த சரவணன்கூட லகாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். என் தங்கச்சி வள்ளி மட்டும் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு ஞாயிறும் ஷிப்ட்.

சாப்பாட்டுக்கு அப்புறம் யாரோ பொட்டலக் காப்பியைச் சுடுதண்ணீரில் கலக்கினார்கள். தூள், பால்மாவு, சீனி எல்லாம் ஒன்றாகப் போட்டு விற்பார்களே, அதுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு நீட்டிய கோப்பையைத் தள்ளி வைத்தேன். சரவணன் பார்த்துவிட்டான்.

“என்னா மச்சான், ரெண்டாவது செமஸ்டர் ஞாபகம் வந்துருச்சா?”

வந்துவிட்டது. அந்தச் செமஸ்டர் முழுக்க எனக்குக் காலைச் சாப்பாடு அதுதான், பல நாள் மதியமும் அதுதான்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாலாம் வகுப்போடு பால்வாளியைத் தூக்கியவர். தோட்டத்தை விற்றபின் ஈப்போவுக்கு வந்து பலகைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவர் சம்பளத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும். அதனால் வீட்டில் ஒரு திட்டம் இருந்தது. நாலு வருஷப் படிப்பை நான் மூன்றே வருஷத்தில் முடிப்பேன். அதற்குள் வள்ளி பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்துவிடுவாள். நான் வேலைக்குப் போக, அவள் தாதியர் படிப்புக்குப் போவாள். எங்கள் வீட்டில் அடிபட்ட பூனைக்கும் கட்டுப் போடுபவள் அவள். வேறு படிப்பு அவள் வாயில் வந்ததே இல்லை.

மூன்று வருஷத்தில் முடிக்க என்ன வழி? பாடத்தை அதிகமாக எடுப்பதுதான். ஆளுக்குப் பதினெட்டு கிரெடிட் என்றிருந்த இடத்தில் நான் இருபத்து நாலு கேட்டேன். அதற்கு ஆலோசகர் கையெழுத்து வேண்டும். அந்த மலாய் அம்மா விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போலே கே?” என்றார். முடியுமா என்று அர்த்தம். “போலே, புவான்!” என்றேன், பெரிய ஆள் மாதிரி. இன்றைக்கு நினைத்தால் அந்த வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

இருபத்து நாலு கிரெடிட் என்றால் ஏழு பாடம். செவ்வாய்க்கிழமை மட்டும் ஐந்து வகுப்பு. அதில் இரண்டு, அரை மணி நேரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கணித வகுப்பின் பின்கதவு வழியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நழுவி, வளாகத்தின் அடுத்த கோடிக்கு ஓடுவேன். ஐந்தாவது வாரம் கணித விரிவுரையாளர் நிறுத்திக் கேட்டார், “செவ்வாய் செவ்வாய்தான் வயித்து வலி வருமா தம்பி?” அவர் தமிழர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகத்தைப் பார்க்க எங்கே நேரம்? நாலு குழு வேலை, நாலிலும் நான்தான் கடைசி. ஒருதரம் புள்ளியியல் பயிற்சியை நாகரிக வரலாற்று விரிவுரையாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

சிரிப்புதான். ஆனால் ஆறாவது வாரத் தேர்வுகளில் நாலு பாடத்தில் நான் பாதி மதிப்பெண்ணைக்கூடத் தொடவில்லை.

“ரெண்டு மூணு பாடத்த டிரோப் பண்ணிரு லா,” என்றான் சரவணன். “இன்னும் ரெண்டு வாரம் டைம் இருக்கு. ஒரு பாரம்தான்.”

“வீட்டுல என்னா சொல்றது?”

“டேய், உங்கப்பாவா வந்து பரீட்ச எழுதப் போறாரு?”

இருந்தாலும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் பேசும்போது பின்னால் பலகை அறுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் சொன்னார்:

“நெரய பாதியில விட்டுட்டு வந்தா கிராணி அரப் பேருதான் போடுவாரு, ஐயா. எடுத்தது எடுத்தாச்சு. எல்லாத்தயும் வெட்டிட்டு வா.”

தோட்டத்தில் அப்படித்தான். பால் வெட்டக் கொடுத்த நிரையில், அந்த மர வரிசையில், ஒரு மரம் மிச்சம் வைத்தாலும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, அரைப் பேர் என்று அரைநாள் கூலிதான் எழுதுவார். வெட்டிய மரத்துக்கும் மதிப்பில்லை. அதற்குப் பயந்து அப்பா காய்ச்சலோடு கடைசி மரம்வரை போயிருக்கிறார். பாதியில் விடுவதைவிடப் பெரிய நஷ்டம் உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. விட்ட பாடம் சராசரியில் சேராது, தோற்ற பாடம் சேரும் என்று விதிமுறைப் புத்தகத்தில் நானே அடிக்கோடு போட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால், “எம்மவன் ஏழு பாடம் எடுக்கிறான்,” என்று அவர் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பாரத்தை நிரப்பிக்கொண்டு கடைசி நாள் பதிவு அலுவலக முகப்புவரை போனேன். வரிசை எண்கூட எடுத்தேன். எனக்கு முன்னால் மூன்றே பேர். செவ்வாய் மாதிரிதான், அன்றைக்கும் நழுவினேன்.

நாலு பாடத்தில் தோல்வி. முழுசு நாலு என்றால் என் சராசரி இரண்டுக்குக் கீழே. அடுத்த செமஸ்டர் பன்னிரண்டு கிரெடிட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கடிதம் வந்தது, கல்விக் கடனையும் நிறுத்தினார்கள். தோற்ற பாடங்களைத் திரும்ப எழுத, அவற்றை முடித்தால்தான் திறக்கும் பாடங்கள் எல்லாம் பின்னால் தள்ளிப்போயின.

வள்ளிக்கு ஈப்போவில் தாதியர் கல்லூரி இடம் கிடைத்தபோது நான் பாதித் தூரம்தான் தாண்டியிருந்தேன். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள்.

“நீ முடி ண்ணே. நான் அதுவரைக்கும் கையுறை கம்பெனிக்குப் போறேன். பொறவு பாத்துக்கலாம்.”

நான் முடித்தபோது வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, மோட்டார் தவணை எல்லாமே அவள் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு வேலை கிடைக்க மேலும் பல மாதம் ஆனது. கல்லூரிக்கு மறுபடி எழுதலாமா என்று ஒருதரம் கேட்டேன். “போ ண்ணே, இப்ப லைன் லீடர் ஆக்கிட்டாங்க,” என்று சிரித்தாள். 

இப்போது பாரமும் இல்லை, முகப்பும் இல்லை. பாடத்தை விடுவதெல்லாம் கைப்பேசியிலேயே ஆகிவிடுகிறதாம். அப்பா பால் வெட்டிய மலைச்சரிவில் மாடி வீடுகள் வந்துவிட்டன. வள்ளி படிக்க நினைத்த கல்லூரியையும் மூடிவிட்டார்கள். ஒரு வருஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் நாங்கள் கிளம்பினோம். எனக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஒன்றரை வருஷம் கூடப் போனது. அவளுக்கு மூன்று வருஷப் படிப்பே போனது, முழுசும்.