செக் பண்ணின இறால்

முந்தல் இறால் பண்ணையில் நான் சூப்பவைசராகச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என் கையில் ஒரேயொரு ஆங்கில வினைச்சொல்லைத்தான் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை அதை வைத்தே காலத்தை ஓட்டினேன்.

"ஹனீபா, தண்ணிய செக் பண்ணு. ஏரேட்டர செக் பண்ணு. வாச்சர் நித்திரையா எண்டு செக் பண்ணு. தேத்தண்ணி சூடா எண்டும் செக் பண்ணிக் கொண்டா."

தண்ணீர் என்றால் உப்பை அளப்பது. தண்ணீரைக் கடையும் ஏரேட்டர் என்றால் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது. வாச்சர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடை போவது. தேநீர் என்றால் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பது. மன்னாரிலிருந்து அகதியாக வந்து புத்தளத்தில் பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவன் நான். வார்த்தையில் இவ்வளவு சிக்கனம் பிடித்தவரைக் கண்டதில்லை.

செக்கின் சொந்த ஊர்

இந்த 'செக்' எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலம் படிப்பிக்கும் என் மகளிடம் ஒருநாள் கேட்டேன்.

"வாப்பா, அது பாரசீகத்தில இருந்து வந்தது. ஷா எண்டா ராஜா. சதுரங்கத்தில ராஜா மாட்டுப்பட்டா அதச் சொல்லித்தான் எச்சரிக்கிற. பிரெஞ்சுக்காரன்ட வாய்க்குள்ள பூந்து, இங்கிலீஷுக்கு வந்து செக் ஆயிட்டுது. முதல்ல தடுக்கிறது, பிறகுதான் சரிபார்க்கிறது."

வங்கிக் காசோலையும், நான் கட்டியிருந்த கட்டம் போட்ட செக் சாரமும் அதே குடும்பம்தானாம். ஒரு ராஜாவை இடுப்பில் சுற்றிக்கொண்டா இத்தனை நாளும் திரிந்தோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலாளிக்கு செக்

பக்கத்துப் பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. எங்கள் முதலாளி கதிகலங்கிப் போனார். கிழமைக்கு ஒருதரம் வீச்சு வலை போட்டு இறாலைப் பிடித்துப் பார்ப்பது வழக்கம். இனிக் காலையும் மாலையும் செக் பண்ண வேண்டும் என்றார். வெளியே எடுத்ததைத் திரும்ப இறால் குளத்துக்குள் போட்டால் நோய் தொற்றும், போடவே கூடாது என்றும் சொன்னார். எங்கே போடுவது என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சமையல்காரி றஹீமா ராத்தா தேங்காய்ப்பால் விட்டு அதற்கு ஒரு வழி பண்ணினார். செக் கூடக்கூட எங்கள் கன்னங்களும் பூரித்தன.

ஒரு காலை, வாச்சர் தாசனின் குடிலுக்குப் பின்னால் உரித்த இறால் கோது மலைபோலக் கிடப்பதை முதலாளி கண்டுவிட்டார். அது சமையலறைக் குப்பைக் கிடங்கு என்று அவருக்குத் தெரியாது.

"கள்ளன். பகல் சோறு திண்டுட்டு வந்து அவனக் கலைக்கிறன்."

தாசன் சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்தவர். சண்டை முடிந்தும் திரும்பிப் போக அங்கே வீடில்லை. மனைவி பிள்ளைகளோடு அந்தக் குடிலில்தான் இருந்தார். வேலை போனால் கூரையும் போகும். வாயைத் திறந்தால் எல்லோருடைய கறியும் போகும். ஆனாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலாளி மதியச் சோற்றில் உட்கார்ந்தார். ராத்தா வழக்கம்போல ஆகப் பெரிய இறால்களை அவருடைய சோற்றுக் கோப்பையில் போட்டார்.

"ராத்தா, நீங்க வந்த பிறகுதான் நாக்குக்கு உசிர் வந்தது. எந்தக் கடையில வாங்கின?"

ராத்தா என்னைப் பார்த்தார். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"கடையில இல்ல முதலாளி. செக் பண்ணின இறால். கோதெல்லாம் தாசன்ட குடிலுக்குப் பின்னாலதான் கொட்டுற."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அதில் இருந்த இறாலை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"தாசனையும் சாப்பிடக் கூப்பிடு," என்றார். கை கழுவும்போது, "இனிக் கிழமைக்கு ஒருக்கா செக் பண்ணினாக் காணும்."

அடுத்த நாள் பருப்பும் கருவாடும். ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தாசன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஹனீபா நானா, என்ட குடும்பத்தக் காப்பாத்தினீங்க. சாகுமட்டும் மறக்க மாட்டன்." கோப்பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஆனா நானா, நேற்று நான் வரேக்க சட்டியில வெறும் குழம்புதான் மிச்சம். முதல்ல என்னைக் கூப்பிட்டு நாலு இறாலத் தின்ன விட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

சூப்பவைசர் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒன்றை செக் பண்ணச் சொன்னால், செக் பண்ணினது பிறகு எங்கே போகிறது என்றும் பாருங்கள். முதலில் உங்கள் கோப்பைக்குள் பாருங்கள்.