நடுவில் இரண்டு நாடுகள்

தங்கைக்கு ரஷ்யாவில் மருத்துவ இடம் கிடைத்ததும் நான் ஒரு பட்டியல் போட்டேன். இருபத்திரண்டு வரி. பாஸ்போர்ட், விசா, சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு, கம்பளிச் சட்டை, ஊறுகாய். பதினேழாவது வரி: மாஸ்கோவிலிருந்து கலினின்கிராடுக்கு ரயில்.

உலகிலேயே பெரிய நாடு அது. கிழக்கே பசிபிக் வரை பதினொரு நேர மண்டலங்களாக நீள்கிறது. மேற்கே ஒரு சின்னத் துண்டு மட்டும் ஒட்டாமல் பால்டிக் கடலோரம் கிடக்கிறது. அதுதான் கலினின்கிராடு; அவள் கல்லூரி அங்கேதான். ரயில் போகும் வழியில் பெலாருஸ், லிதுவேனியா.

நில வரைபடங்களைக் கணினியில் வரைவது என் வேலை. அந்த எல்லைக் கோடுகளைப் பார்க்காமல் இல்லை. பார்த்தும் உறுத்தவில்லை. எங்கள் சோரியாங்குப்பமும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான்; அங்கிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரி நகரத்துக்குப் போகிறேன். நடுவில் தமிழ்நாடு வரும், போகும். சாராயக் கடைப் பலகைகள் நின்று மறுபடி தொடங்குவதுதான் அடையாளம்; யாரும் இறங்கச் சொல்வதில்லை. அரசு வேலையில், கேரளத்துக்குள் கிடக்கும் புதுச்சேரித் துண்டான மாஹேவுக்கு மாற்றலாகி மூன்று ஆண்டுகள் இருந்தவர் அப்பா. அவரும் பட்டியலைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். பெட்டிகள் அதிகம், ரயிலே வசதி என்று முடிவானது. மாஸ்கோவில் படிக்கும் கடலூர் மாணவி ஒருத்தி டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

சேர்க்கையின் கடைசி நாளுக்கு முந்தின நாள், தங்கை மாஸ்கோ ரயில் நிலையத்திலிருந்து அழைத்தாள். ரயில் பெட்டியின் வாசலில் நின்ற ஊழியர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஏற விடவில்லை. லிதுவேனியாவைக் கடக்க இன்னொரு விசா வேண்டுமாம்.

"இன்னாக்கா, இது லிஸ்ட்ல இல்லியே" என்றாள். அவள் அழவில்லை, அதுதான் என்னைக் கலக்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பும் ஓசை கேட்டது.

அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "ஒரே நாடுதானடி? உங்கப்பா மாஹேக்குப் போவசொல்ல எவனாவது பாஸ்போர்ட் கேட்டானா?"

அப்பா பட்டியலை எடுத்து மறுபடி படித்தார்.

மறுநாள் மாலை ஐந்துக்குள் நேரில் போய்க் கையெழுத்திடாவிட்டால் இடம் போய்விடும். கடலூர் மாணவி அலைந்து, மறுநாள் இரண்டு மணி விமானத்தில் ஒரு இருக்கை பிடித்தாள். அந்த விமானமும் நேராகப் போக முடியாது. வழியிலுள்ள நாடுகள் ரஷ்ய விமானங்களை விடுவதில்லை; அவற்றின் வானத்தைத் தொடாமல் வடக்கே ஏறி, கடல்மேல் சுற்றி இறங்க வேண்டும். மூன்று மணி நேரம். கணக்குப் போட்டேன். தரை இறங்கும்போதே ஐந்து. நம் நேரம் ஏழரை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை முழுவதும் கைபேசியில் விமானத்தைக் காட்டும் புள்ளி நீலத்தின்மேல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நான்கு முறை "எங்க போறா இப்ப?" என்று கேட்டார். நான்கு முறையும் கடல்மேல் என்றேன்.

ஏழரைக்கு, இறங்கிவிட்டேன் என்று செய்தி வந்தது. எதற்கும் போய்ப் பார் என்று அனுப்பினேன். எட்டேகாலுக்கு அழைத்தாள்.

"உள்ள வாங்கிட்டாங்கக்கா. கையெழுத்துப் போட்டாச்சு."

"அஞ்சே முக்கா ஆச்சேடி?"

"அது மாஸ்கோல. இங்க நாலே முக்கா."

பதினொரு மண்டலங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், அவள் போகும் துண்டு மாஸ்கோவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதைப் பார்க்கவில்லை.

அம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். கடைசியில் தங்கை சொன்னதை வீடு முழுக்கக் கேட்கும்படி எனக்குச் சொன்னார்: "லீவுக்கு வரசொல்ல டிக்கெட்ட அவளே எடுத்துக்கறாளாம்."