கோச் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் ரொறன்ரோவில் இரண்டு வேலை பார்த்தேன். கிழமை நாட்களில் மாடிக் கட்டடங்களின் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். அதிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். சனி, ஞாயிறுகளில் பெண்பிள்ளைகளின் கரப்பந்தாட்டக் கழகம் ஒன்றில் அணியின் வேலைகளைப் பார்க்கும் ரீம் மனேஜர். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் எங்கள் மில்லிக்கன் பகுதி இளம் பெற்றோர் என்னை மறித்து விசாரிப்பது அதைப் பற்றித்தான். “அண்ணை, உந்த அமெரிக்கன் யூனிவேர்சிற்றி கோச்மாரை நம்பலாமோ?” என்பார்கள். பிளாசா பார்க்கிங்கில் நின்று சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் எழுதிவைக்கிறேன்.

1. கமரா

2019 செப்டெம்பரில் எங்கள் மகள் மதுரா எட்டாம் வகுப்பில் கழகத்தில் சேர்ந்தாள். முதல் நாளே என் கையில் கமராவைத் தந்து மனேஜர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மகள் செற்றர். அதாவது பந்து எங்கே வந்தாலும் ஓடிப் பிடித்து, மற்றவள் அடிப்பதற்கு ஏற்ற உயரத்தில் தூக்கிக் கொடுப்பவள். என் மனைவி வசந்திக்கு இது பிடிபடவே இல்லை.

“அடி பிள்ளை, அடி!” என்று பார்வையாளர் வாங்கிலிருந்து கத்துவாள்.

“அம்மா, நான் செற்றர். நான் அடிக்கிறேல்லை. குடுக்கிறனான்.”

“எல்லாத்தையும் மற்றவைக்குக் குடுத்திட்டு நீ என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?”

“அதுதான் அம்மா என்ர ஜொப்.”

என் வேலை வீடியோ எடுப்பது. நல்ல ஆட்டங்களை வெட்டி ஒட்டி, சத்தத்தை நிறுத்தி, தங்கள் அணிக்குப் பிள்ளைகளைத் தேடும் பல்கலைக்கழகக் கோச்மாருக்கு அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்பு முடியும்வரை அமெரிக்கக் கோச்மார் பதில் எழுதக்கூடாது என்பது அவர்களுடைய விதி. அதுவரை கிணற்றுக்குள் கல் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போலத்தான்.

ஒரு வீடியோவில் சத்தத்தை நிறுத்த மறந்துபோனேன். பதினொராம் வகுப்புத் தொடக்கத்தில் முதல் பதில் வந்தது அந்த வீடியோவுக்குத்தான். எல்லைக்கு அப்பால், நியூயோர்க் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோச். டெரெக் என்று வைத்துக்கொள்வோம். “உங்கள் மகளின் கைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. பின்னால் கத்துகிற அந்தப் பெண்மணி யார்? அவரையும் எங்கள் ஜிம்முக்கு அழைத்துவர வேண்டும்” என்று எழுதியிருந்தார். வசந்தி அதைப் பலமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

2. இரண்டு கோச்மார்

2022 ஒக்டோபரில் ஒஷாவாவில் ஒரு சுற்றுப்போட்டி. முடிந்ததும் ஒன்ராறியோப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண் கோச் எங்களை ஜிம் வாசலில் சந்தித்தார். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது:

“எனக்கு ஒரு செற்றர் தேவைப்படும். வந்து போட்டியிடு. இடம் தருவேன் என்று இப்போது சொல்லமாட்டேன். இரண்டு வருடத்தில் நானே அங்கே இருப்பேனோ தெரியாது. நான் இல்லாவிட்டாலும் நீ படிக்க விரும்புகிற இடம் எது என்று யோசித்து முடிவெடு.”

காரில் ஏறியதும் வசந்தி தொடங்கினாள். “உவ என்ன மனுசி? பிள்ளை போய்ச் சேர முன்னமே தான் போகப்போறன் எண்டு சொல்லுறா.”

“அவ உண்மையைத்தான் சொல்லுறா” என்றேன்.

“உண்மை சொல்லுறதுக்கும் ஒரு முகம் வேணுமப்பா.”

அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெரெக் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐந்து மணித்தியாலக் கார் ஓட்டம். கோச்மாருக்கு இது தொழிலின் ஒரு பகுதி. வீட்டுச் சந்திப்பு என்றே அதற்குப் பெயர். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் போவார்கள். இது அன்றே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வீடு முழுவதும் கூட்டிக் கழுவினோம்.

இடியப்பம், சொதி, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல். கரண்டியும் முள்ளுக்கரண்டியும் வைத்திருந்தோம். அவர் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு அவற்றை ஒதுக்கி வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, சொதியை ஊற்றி, விரல்களால் பிசைந்து சாப்பிட்டார். சொதி மணிக்கட்டுவரை ஒழுகியது. மதுரா சிரித்தாள். வசந்தி இன்னும் இரண்டு இடியப்பத்தை அவர் தட்டில் வைத்தாள்.

மற்றப் பெற்றோர் சொல்லித் தந்த கேள்விகள் என்னிடம் இருந்தன. அவற்றில் முக்கியமானது: நீங்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் என் மகளுக்கு என்ன நடக்கும்? வாயைத் திறந்தேன். வசந்தி தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

“சாப்பிடுற மனுசனை நிம்மதியாச் சாப்பிட விடுங்கோ.”

சாப்பிட்டு முடிந்தது. தேத்தண்ணி குடித்தார். மகளின் பழைய படங்களைப் பார்த்தார். இனி அந்தக் கேள்வியை யார் கேட்பது? எங்கள் மேசையில் கை நனைத்த மனிதரிடம், நீர் எங்களை விட்டுவிட்டுப் போவீரோ என்று கேட்பதற்கு எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழாது. வாசலில் அவர், “நீங்கள் இப்போது என் குடும்பம்” என்றார். கார் தெருமுனையில் திரும்பியதும் வசந்தி சொன்னாள்:

“கையாலை பிசைஞ்சு சாப்பிட்ட மனுசன். இனி எங்கட ஆள்.”

டிசம்பரில் மதுரா டெரெக்குக்கு வாக்குக் கொடுத்தாள். தொலைபேசியில் கொடுக்கிற வாக்குத்தான். பத்திரமும் கையெழுத்தும் பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில்தான் வரும். ஆனால் வாக்குக் கொடுத்த அன்றே மற்றக் கோச்மாருக்கு வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும். அதுதான் வழக்கம். ஒன்ராறியோக் கோச்சுக்கும் எழுதினாள். “வாழ்த்துகள். கவனமாக இரு” என்று ஒரு வரியில் பதில் வந்தது.

3. முழங்கால்

2023 பெப்ரவரியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் மதுரா குதித்து இறங்கும்போது இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. கமராவுக்குப் பின்னால் நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

தரையில் கிடந்தபடி அவள் முதலில் கேட்டது, “அப்பா, கோச் டெரெக் என்னை இப்ப வேண்டாமெண்டுவாரோ?” என்றுதான்.

கையெழுத்து இல்லை. அவர் விலகினால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் கழகத்திலேயே காயப்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்; கோச்மார் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். அடுத்த நாள் நான் டெரெக்கை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

“நான் முழங்காலைச் சேர்க்கவில்லை. மதுராவைச் சேர்த்தேன்” என்றார்.

சத்திர சிகிச்சைக்குக் காத்திருந்த மாதங்களிலும் அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் அவளை அழைத்துக் கதைத்தார். நவம்பரில், அவள் இன்னும் சரியாகக் குதிக்கத் தொடங்காத நேரத்தில், சொன்னபடி பத்திரத்தை அனுப்பினார். இதை நான் குறைத்து எழுதக்கூடாது. அந்த ஒரு வருடம் அந்த மனிதர் எங்களுக்காக நின்றார். பிறகு நடந்ததைத் தாங்க முடியாமல் போனதும் அதனால்தான்.

4. குசினியில் ஒரு மெசேஜ்

2024 ஓகஸ்டில் அவளை விடுதியில் கொண்டுபோய் விட்டோம். முதல் பருவம் முழுவதும் பெரும்பாலும் ஆடாமல் வாங்கில்தான். அதில் வருத்தமில்லை, முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். மூத்த செற்றர் படித்து முடித்துப் போகிறாள், அடுத்த வருடம் உன் கையில் பந்து என்று டெரெக் சொல்லியிருந்தார்.

டிசம்பரில் விடுமுறைக்கு வந்தாள். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் போனைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்பா, கோச் போறார்.”

“எங்கை?”

“வேற யூனிவேர்சிற்றிக்கு. பிக் ப்ரோகிராம், பெரிய ரீம்.”

“எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலோ?” என்றாள் வசந்தி.

“ரீம் வட்ஸ்அப்பிலை போட்டிருக்கிறார். எல்லாருக்கும் ஒரே மெசேஜ்.” சற்று நேரம் வாசித்தாள். “ரெண்டு பேரைத் தன்னோட கூட்டிக்கொண்டு போறாராம்.”

“உன்னையும் கேட்டவரோ?” என்றேன்.

மதுரா மீண்டும் கத்தியை எடுத்து வெங்காயத்தை உரித்தாள்.

நான் அவரை அழைத்தேன். எடுத்தார். ஒளித்து விளையாடவில்லை. குரலில் அதே அன்பு.

“மதுராவையும் கூட்டிப் போக முடியாதா?” என்று கேட்டேன்.

“அங்கே இரண்டு செற்றர் இருக்கிறார்கள். எனக்கு அடிப்பவர்கள்தான் தேவை. நண்பரே, இது தொழில். ஆனால் நீங்கள் எப்போதும் என் குடும்பம்.” பிறகு, உண்மையாகவே மகிழ்ச்சியோடு, “உங்கள் மனைவியின் சாப்பாட்டைப் பற்றி இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

வசந்தி, “என்னவாம்?” என்று கேட்டாள். உம்மட சாப்பாடு நல்லது எண்டவர் என்றேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

5. எல்லை

புதிய கோச் தன்னுடைய செற்றரைக் கூடவே கொண்டுவந்தார். ஏப்ரலில் மதுராவைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்தில் உனக்கு இடமிருக்கிறது, ரீமில் இல்லை என்றார். ஆட்டத்துக்காகத்தான் அவள் அங்கே போனவள். வேறு இடம் தேடினோம். காயப்பட்ட முழங்கால், விளையாடாத ஒரு பருவம். காட்டுவதற்குப் புதிதாக ஒரு வீடியோகூட இல்லை. ஒன்ராறியோக் கோச்சுக்கு அழைத்தேன். அந்த இலக்கத்தில் வேறு ஒருவர் பேசினார். அந்தக் கோச் அங்கிருந்து போய்விட்டாராம். சொன்னதைத்தான் செய்திருக்கிறார்.

மே மாதம் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். எல்லையில் அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: எவ்வளவு காலம் கனடாவுக்கு வெளியே இருந்தாய்? ஏதாவது கொண்டுவருகிறாயா?

“நத்திங்” என்றாள் மதுரா. பின் இருக்கையில் அவளுடைய சாமான்கள் கூரைவரை இருந்தன. அதிகாரி அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

இப்போது ஒஷாவாவில் படிக்கிறாள். ஜிம் பக்கம் போவதில்லை. முழங்காலுக்குச் சொல்லித்தந்த பயிற்சிகளை மட்டும் காலையில் செய்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

“பழகிட்டுது அப்பா” என்றாள்.

6. விட்பியிலிருந்து ஒரு அழைப்பு

சென்ற ஒக்டோபரில் அன்ரன் அழைத்தான். என்னோடு லிஃப்ட் வேலை செய்த மன்னார்ப் பெடியன், விட்பியில் புது வீடு. அவனுடைய மகளும் கரப்பந்தாட்டக்காரி, பதினொராம் வகுப்பு. குரலில் சந்தோசம் துள்ளியது.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கோச் எங்கட வீட்டை வாறார். உங்கட டெரெக்தான்! தான் ஒரு தமிழ் வீட்டிலை இடியப்பம் சாப்பிட்டவராம், அவை தன்ர குடும்பமாம், வேணுமெண்டால் அவையிட்டைத் தன்னைப் பற்றிக் கேளுங்கோ எண்டு உங்கட பேரைச் சொன்னவர்.”

அந்த மனிதர் ஏமாற்றவில்லை; அதுதான் கொடுமை. நாங்கள் நல்லதைத்தான் சொல்லுவோம் என்று உண்மையிலேயே நம்பியிருக்கிறார்.

நடந்தது முழுவதையும் அன்ரனுக்குச் சொன்னேன். முழங்காலையும் சொன்னேன், டிசம்பரையும் சொன்னேன். “ஒண்டை மட்டும் கேள், அன்ரன். நீங்கள் போனால் என்ர பிள்ளை என்ன செய்யிறது எண்டு கேள். முகத்துக்கு நேரை கேள்.”



“கேக்கத்தான் வேணும் அண்ணை. ஆனா… வீடு தேடி வாற மனுசனிட்டை உப்பிடி எப்பிடிக் கேக்கிறது?”

ஞாயிறு மாலை ஒரு படம் அனுப்பினான். புது வீட்டுப் பெரிய மேசை. டெரெக் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பிடுகிறார். இப்போது நன்றாகப் பழகிவிட்டார், சொதி ஒழுகவில்லை. பக்கத்தில் அன்ரனின் மகள் வாய் நிறையச் சிரித்தபடி நிற்கிறாள்.

மதுரா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பிள்ளையின் முகத்தில் நிறுத்தினாள்.

“என்ன பொசிஷன்?”

“செற்றராம்.”

போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு மேலே போனாள்.

நான் அன்ரனுக்கு, கேட்டனியோ என்று எழுதினேன். பதில் உடனே வந்தது: “இல்லை அண்ணை, நல்ல மனுசனாத் தெரியுது.”

கோச்மாருக்கு உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கப்போகிற பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்தக் கேள்வியை வாசலிலேயே கேளுங்கள், தட்டு வைக்கிறதுக்கு முன்னால். தட்டு வைத்தபின் நாங்கள் கேட்கமாட்டோம்.