அண்ணியின் கோடு

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் அண்ணன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி திரிகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. படிக்கிற காலத்தில் மூன்று மணி நேரத் தேர்வை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, வெளியே வந்த பிறகுதான் கடைசிப் பக்கத்திலும் கேள்விகள் இருந்தன என்று கேள்விப்படுவாள். அவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து போட்டுவிட்டு, "அரை மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டு அசையாம உக்காருங்க" என்று சொல்வது. அந்த அரை மணி நேரத்தில் இவள் வராந்தாவைப் பதினாறு தடவை அளந்துவிடுவாள்.

ஒரு கோடைக் காலையில் அந்த நாற்காலி வரிசையில் அவள் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் பேசி இரண்டு வருஷமாகிறது. பம்பரத்தின் அப்பா நான்கு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிப் பார்த்துக்கொண்டவள் அண்ணி. அவர் போன அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்த பம்பரம் அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்: "நீங்க ஒழுங்கா பாத்திருந்தா எங்கப்பா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாரு!" அன்றோடு அண்ணி அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சொன்னது அநியாயம் என்று பம்பரத்துக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. போய் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று அவள் தள்ளிப்போட்ட காரியம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

சொட்டு மருந்துக் குப்பியோடு கிட்டே போனாள். அண்ணி முகத்தை நிமிர்த்தினாள்.

"கை ஏன் இப்படி நடுங்குது? மருந்து கண்ணுலதானே போடப்போற?"

அவ்வளவுதான். பம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அண்ணி பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். கோடைக்கு ஏற்ற தொளதொள டாப் தைக்கிற பேட்டர்ன், துணிமேல் வைத்து வெட்டுகிற அளவுக் காகிதம். அண்ணிக்கு வேலை ரொட்டித் தொழிற்சாலையில், அடுப்புக்குப் பக்கத்தில். அவள் பருமனுக்குக் கடையில் எந்த டாப்பும் கிடைக்காது, எல்லாம் சொந்தத் தையல்தான். "பத்து நாளைக்கு ஊசி நூல் தொடக்கூடாதாம். அதுவரைக்கும் நீ வச்சுக்கோ, உனக்கு நல்லா இருக்கும். கடையில இதுதான் கடைசி, இனிமே வராதாம். படியெடுத்துட்டு..."

"சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி!" என்றாள் பம்பரம். மிச்ச வாக்கியம் காற்றோடு போயிற்று.

இந்தப் பேட்டர்ன் காகிதம் எப்படி இருக்கும் என்றால், ஒரே தாளில் எட்டு அளவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அச்சாகியிருக்கும். ஒல்லியானவர்களுக்கு உள்கோடு, பருமனானவர்களுக்கு வெளிக்கோடு. பொறுமைசாலிகள் மேலே மெல்லிய தாள் வைத்துத் தங்கள் கோட்டை மட்டும் படியெடுப்பார்கள். பம்பரம் பொறுமைக்கு எங்கே போவாள்? மறுநாள் மத்தியானமே கத்தரியை எடுத்து, தன் அளவான முதல் உள்கோட்டிலேயே சரசரவென்று வெட்டினாள். ஐந்து மணிக்குள் டாப் தயார். இடுப்பை இரண்டு இஞ்சு பிடித்து, நீளத்தைக் குறைத்து, கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் காகிதங்களை மடித்து உறைக்குள் போடும்போதுதான் உறை இளைத்திருப்பது தெரிந்தது. அண்ணியின் கோடு எட்டாவது, கடைசிக் கோடு. அது இருந்த ஓரங்களை வெட்டிய அன்றே குப்பைக் கூடையில் போட்டிருந்தாள். கூடை காலியாக இருந்தது. குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது.

வெறும் காகிதம் என்றால் பரவாயில்லை. இரண்டு வருஷம் கழித்து அண்ணி நீட்டிய கை இது. இதில் போய் அவளுடைய அளவையே வெட்டி எறிந்தால் அவள் என்ன நினைப்பாள்? தன் பருமனைக் குத்திக்காட்டத்தான் செய்தாள் என்று நினைப்பாள். அடுத்த பேச்சு எந்த ஜென்மத்திலோ.

"வெட்டிட்டேன்னு சொல்லிடேன்," என்றான் புருஷன். அவன் லிப்ட் மெக்கானிக். எது நின்றாலும் பதறாத ஆள்.

"உங்களுக்கு என்ன, சொல்லிடுவீங்க!"

ஊரில் உள்ள தையல் கடையெல்லாம் ஏறி இறங்கினாள். பேட்டர்ன் இல்லை. பிறகு ஒரு யோசனை: அண்ணிக்கே ஒரு டாப் தைத்துக் கொடுத்துவிட்டால் அவள் காகிதத்தை ஏன் கேட்கப்போகிறாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திட்டம். உறையின் பின்பக்கத்தில் அளவுகள் இருந்தன. கணக்குப் போட்டு, தன் காகிதத்தைத் துணிமேல் வைத்து, சுற்றிலும் இரண்டரை இஞ்சு கூட்டி வெட்டினாள். சுற்றிலும் என்றால் கழுத்துப் பக்கமும், கை நுழைகிற பக்கமும் சேர்த்து. பக்கம் பெருத்தது, ஓட்டைகள் சிறுத்தன.

அண்ணி அளவுக்குக் கிட்டத்தட்ட உடம்பு புருஷனுக்குத்தான். போட்டுப் பார்த்தபோது அவன் தலை டாப்பின் கழுத்தில் சிக்கிக்கொண்டது.

"மூச்சு விடலாமா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டான்.

"அசையாதீங்க!" என்று கத்தரியால் கழுத்தை நறுக்கினாள். இப்போது ஒரு தோளிலிருந்து வழிந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது. பிரித்தாள், தைத்தாள், பட்டி வைத்தாள், மறுபடி பிரித்தாள். மருத்துவமனையில் ஒரு பெரியவருக்கு இடது கண்ணில் போட வேண்டியதை வலது கண்ணில் போடப்போய் நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, யோசித்து வைத்த மூன்று பொய்களையும் டாப்பையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் வெளியே போயிருந்தான். அண்ணி டாப்பை விரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "எனக்கா?" என்று உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். நின்றபடிக்கு நன்றாகத்தான் இருந்தது. பம்பரம் மூச்சு விட்டாள். அப்புறம் அண்ணி, அடுப்பிலிருந்து தட்டை இழுக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்கினாள். அக்குளில் சர்ரென்று தையல் விட்டது.

அண்ணி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "இது அந்தப் பேட்டர்ன் இல்லையே. காகிதத்தை வெட்டிட்டியா?"

மூன்று பொய்யும் ஓடிப்போயின. "வெட்டிட்டேன் அண்ணி. வேணும்னு செய்யல, சத்தியமா. அவசரத்துல பாக்கல. உங்க கோடுதான் போச்சுன்னு தெரிஞ்சதும் எனக்கு உசுரே போச்சு. மன்னிச்சிடுங்க அண்ணி."

அண்ணி கோபப்படவில்லை. மாற்றிக்கொண்டு வந்து, டாப்பை மடியில் வைத்து நிதானமாக மடித்தாள்.

"எத்தனை நாளா தூங்கல?"

"எட்டு நாளா."

"ஒரு காகிதத்தை வெட்டுனதுக்கு எட்டு நாளா தூங்கல. துணி வாங்கித் தைச்சு, தூக்கிக்கிட்டு வந்து மன்னிப்புக் கேக்கற." அண்ணியின் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைச் சொன்னியே. அதுக்கு நீ வருவேன்னு ரெண்டு வருஷமா வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் முந்திக்கொண்டது. "அண்ணி, அதுக்கும் சேர்த்து..."

"வேண்டாம்." அண்ணி கையைக் காட்டித் தடுத்தாள். "சேர்த்துக் கேக்காத. இதோட ஒட்டிக்கிட்டு வர்ற மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதுக்குன்னு தனியா வா."

"நாளைக்கே வரட்டுமா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை வா. அன்னிக்கு யார் யார் இருந்தாங்களோ, எல்லாரையும் நான் வரச்சொல்றேன். அவங்க முன்னாடி சொன்னதுதானே?"

பம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க அண்ணி," என்றாள்.

வீட்டுக்கு நடந்தபோது, அன்று கூடத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினாள். பெரியப்பா, இரண்டு சித்தி, அத்தை, அத்தை மருமகள், மாடிவீட்டு அம்மா. எண்ணிக்கை பதினேழு வந்தது. யாரையோ விட்டுவிட்டது போலிருந்தது. மறுபடி பெரியப்பாவிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.