பின்பக்கம் பார்த்த இரண்டு நட்டுகள்

இரும்பு வலைத் தடுப்பின் ஓரமாக ஏட்டய்யாவின் விரல்கள் ஊர்ந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. உத்திரமேரூரில் என் வெல்டிங் பட்டறை வாசலில், ரோந்து வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. பிடிபட்டவர்கள் உட்காரும் பின்சீட்டுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே தடுப்பு போடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் வேலை. வேலை முடியும்வரை அவர் ஸ்டூலை விட்டு நகரவில்லை. நான் கொடுத்த டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். எல்லாரையும் சந்தேகப்படுவதே அவர் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாய்யா இது? எல்லா நட்டும் முன்பக்கம் கீது. இந்த ரெண்டு மட்டும் பின்சீட்டைப் பாத்துக்கினு கீது?"

"அந்த மூலையில கை உள்ள பூரலீங்க ஐயா. அதான் திருப்பிப் போட்டேன்."

அவர் நட்டை விரலால் திருகினார். சுழன்றது.

"மானாம்பதி அடிதடி கேசுல உள்ள கீறானே, அவன் உனக்கு இன்னா வோணும்?"

"மச்சான்ங்க. என் சம்சாரத்தோட தம்பி."

"வியாயக்கெயமை அவனை இந்த வண்டியிலதான் கோர்ட்டுக்கு இட்டுனு போறோம். தெரியுமா?"

தெரியும். இரண்டு நாளாக வீட்டில் அதே பேச்சுதான். 'அவன் பயந்தாங்கொள்ளி, ஜெயில்லயே இருந்தா செத்துடுவான்' என்று மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏறு பின்னாடி" என்றார். ஏறினேன். கதவைச் சாத்தினார். உள்ளிருந்து திறக்க முடியாத கதவு அது. சுற்றி வந்து டிரைவர் சீட்டில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"இப்போ கயட்டு."

வெறும் விரலாலேயே இரண்டு நட்டும் கழன்று வந்தன. போல்ட்டுகளைத் தட்டிவிட்டுத் தள்ளினேன். தடுப்பின் மூலை வளைந்து, ஒரு கை நுழையும் அளவுக்கு வழிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் அவர் கழுத்து. காலருக்குக் கீழே குறுக்காக ஒரு பழைய தழும்பு.

"ஒரு தபா இந்த மாதிரிதான் உக்காந்து ஓட்டிக்கினு இருந்தேன்" என்றார் திரும்பாமலே. "தடுப்பு இல்லாத வண்டி. பின்னாடி இருந்த கைதி விலங்குச் சங்கிலியைக் கய்த்துல போட்டு இயுத்துட்டான். பக்கத்துல இருந்தவர் இல்லன்னா நான் இல்ல."

இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். நான் இறங்கியதும் நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்.

"தெரிஞ்சி பண்ணியா, தெரியாம பண்ணியா?"

"தெரியாமத்தான் ஐயா. என் புள்ளைங்க மேல சத்தியம்."

வழக்கு எதுவும் போடவில்லை. "மாத்திக் குடு" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை மச்சான் அந்த வண்டியிலேயே போனான். சில மாதம் கழித்து விடுதலையாகி வந்து, இப்போது செங்கல் சூளையில் லாரி ஓட்டுகிறான். ஏட்டய்யா ஓய்வு பெற்றுவிட்டார். கடைத்தெருவில் பார்த்தால் தலையசைப்பார். நான்தான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

அன்று அவர் கேட்டதை எனக்கு நானே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஸ்பானர் வழுக்கியதும் ஞாபகம் இருக்கிறது, காலையில் மனைவி அழுததும் ஞாபகம் இருக்கிறது. இரண்டில் எது என் கையைத் திருப்பியது என்று தெரியவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் நிற்க, அதே மூலையில் அந்த இரண்டு நட்டையும் முன்பக்கமாகப் பூட்டி வெல்டு வைத்தேனே, அப்போது என் கை தாராளமாக உள்ளே போயிற்று.