சிரிக்க வைக்கக் கூடாத ஒரு நாள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். குவைத்தில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை வந்தால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒருவர் அழுவார், அடுத்தவர் சிரிப்பார். வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க நான் எதையாவது உளறிக்கொண்டிருப்பேன். வாய் ஒன்றுதான் என் மூலதனம். படிப்பு என்னைப் பத்தாவதிலேயே கைவிட்டது. தப்பு, கணக்கு வாத்தியாருடையது என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு நண்பன். எல்லையோரக் கிராமத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. எங்கள் இருவருடைய நைனாவும் ஒரே நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவன் வளர்ந்து மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் லாரி ஓட்டினான். நான் பேசுவேன், அவன் சிரிப்பான். சின்ன வயதிலிருந்தே எங்கள் நட்பு இந்த ஒப்பந்தத்தில்தான் ஓடியது.

நாற்பது வயதில் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்துவிட்டு, என் பூத்துக்குப் பின் தெருவில் இருந்த வீட்டுக்கு வந்தான். தம்பிகள் இருவரும் குவைத்தில். வெள்ளிக்கிழமை தவறாமல் என் பூத்துக்குப் போன் செய்து விசாரிப்பார்கள். ஆனால் குவைத்திலிருந்து ஆளைத் தூக்கி உட்காரவைக்க முடியாதே. எல்லாம் அவன் மனைவி ஒருவர்தான்.

நான் தினமும் மாலையில் போய், போன் பேச வருபவர்களைப் போல நடித்துக் காட்டுவேன். அவன் முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். அரைச் சிரிப்பானாலும் எனக்கு வசூல்தான். தங்கச்சி, அதாவது அவன் மனைவி, எனக்கு டீ போட்டுத் தருவார். பெரிய சேவை செய்துவிட்ட திருப்தியில் அதைக் குடித்துவிட்டு வருவேன்.

அப்போதுதான் அவருடைய தங்கைக்குத் திருப்பதியில் கல்யாணம் நிச்சயமானது. தாயில்லாப் பெண். இவர்தான் வளர்த்தவர், மணமேடையில் அம்மா இடத்தில் நிற்கவேண்டியவர். ஆனாலும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். ஒரு நாள் அவர் உள்ளே போனதும் நண்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நாக்கு குழறக் குழற, "அவள… அனுப்பு" என்றான்.

அன்றைக்கு ஒரு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களாண்ணா?"

இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். பிறகு எனக்குப் பாடம் நடந்தது.

"நல்லா கேட்டுக்கோங்க. படுக்க வெச்சுக்கினு ஊட்டக்கூடாது, நாற்காலியில நேரா உக்கார வெக்கணும். கேவுரு கஞ்சி கெட்டியா இருக்கணும், அரை ஸ்பூன்தான். தலைய லேசா குனிஞ்சிக்கச் சொல்லுங்க. முழுங்கினது தெரிஞ்சாதான் அடுத்த வாய். புரையேறினா தண்ணி குடுத்துடாதீங்க, அது நேரா நெஞ்சுக்குள்ள போயிடும். தலையிலயும் தட்டாதீங்க. முன்னாடி சாய்ச்சுப் புடிச்சுக்கினு இருமவுடுங்க." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், அவர் துன்னும்போது நீங்க பேசக்கூடாதுண்ணா. சிரிச்சாருன்னா வேற வழியில போயிடும்."

"அவ்வளவுதானேம்மா?"

"அவ்வளவுதான். ஆனா அதான் உங்களால முடியாது."

முகூர்த்தம் மதியத்துக்கு மேல்தான். கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே பட்டுப்புடவையோடு கிளம்பியவர், வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தார். கல்யாண மண்டபத்துப் போன் நம்பரை என் சட்டைப்பையில் வைத்தார். நெஞ்சில் கொரகொரவென்று சத்தம் கேட்டால் உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் விரட்டினேன்.

காலைக் கஞ்சிக்கு ஒரு யுக்தி செய்தேன். என் முகத்தைப் பார்த்தால்தானே சிரிப்பான்? இரண்டு நாற்காலியையும் சுவரைப் பார்க்கப் போட்டேன். டிரைவர் இல்லாத பஸ்ஸில் ஏறிய பயணிகள் மாதிரி இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கிண்ணம் காலியானது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் அந்தத் தலைக்கனத்தில் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெரிய மனுஷன் உட்காருவானே, அப்படி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஊட்டினேன். நான்கு வாய் ஒழுங்காகப் போனது. ஐந்தாவது வாயில் அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்து அவன் பார்த்ததே இல்லை. சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த இடது பக்கம் ஆட ஆரம்பித்தது, அடுத்த நொடி புரையேறிவிட்டது.

முகம் சிவந்து கண் பிதுங்கியது. இருமல் வர முயன்று வராமல் நின்றது. என் கை தானாக அவன் உச்சந்தலைக்குப் போனது. நம் பக்கத்தில் புரையேறினால் வேறென்ன செய்வோம்? தலையில் தட்டி, 'யாரோ நினைக்கிறாங்க' என்போம், தண்ணீர் கொடுப்போம். பாதி வழியில் கையை இழுத்துக்கொண்டு, அவனை முன்னால் சாய்த்து நெஞ்சோடு பிடித்தேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். பதற்றத்தில் அவருக்குத் தெலுங்கும் தமிழும் ஒன்றாக வந்தது.

"அய்யய்யோ, நீள்ளு தாகிஞ்சு ரா! தலையில தட்டுப்பா! மரம் மாதிரி நிக்கிறியே, ஒரு வாய் தண்ணி குடுக்காம சாவடிக்கப் போறியா?"

"வேணாம்மா, தண்ணி கூடாது!"

"நீ என்ன டாக்டரா? நகரு!"

ஒரு கையில் அவனைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அந்த அம்மாளோடு கபடி ஆடினேன். தண்ணீர் பாதி என் தலையில் கொட்டியது. தங்கச்சி சொன்னது தப்பாக இருந்தால் இவன் என் கையிலேயே போய்விடுவான் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தைப் பற்றி என்னால் இன்றும் வேடிக்கையாக எழுத முடியவில்லை.

பிறகு பெரிதாக ஓர் இருமல். கஞ்சி என் சட்டையில் வந்து விழுந்தது. அவன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

எதிர்வீட்டு அம்மாளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பூத்துக்கு ஓடி மண்டபத்துக்குப் போன் போட்டுவிடலாம் என்று சட்டைப்பையைத் தொட்டேன். நண்பன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முயன்றான். "முகூர்த்தம்… அவ நிக்கட்டும்."

நான் போகவில்லை. சாயங்காலம் வரை அடிக்கடி அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொரகொரப்பு இல்லை. என் காது குத்துகிறது என்று அவன்தான் முகத்தைச் சுளித்தான்.

இருட்டுவதற்குள் தங்கச்சி வந்துவிட்டார். கையில் பையோடு வாசலில் நிற்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டப்போகிறார், இனி இந்த வீட்டுப் படி ஏறமுடியாது என்றுதான் நினைத்தேன்.

"தண்ணி குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"தலையில தட்டினீங்களா?"

"தட்டப் போனேன். தட்டல."

"குனிய வெச்சுப் புடிச்சீங்களா?"

"புடிச்சேன்."

அவர் போய்க் கணவனின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கும் அப்பப்ப ஆவுதுண்ணா. போன வாரம் கூட ஆச்சு. அவர் மூச்சு திரும்பற வரைக்கும் எனக்கு உயிரே இருக்காது. யார்கிட்ட சொல்றது? பொண்டாட்டி கையில சோறு துன்னு செத்தான்னு சொல்லிடுவாங்களோன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

மாதக்கணக்கில் அந்த வீட்டில் டீ குடித்தவன் நான். இந்தப் பயம் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

சற்று நேரம் கழித்து, "கஞ்சி காச்சித் தரேன், ராத்திரிக்கும் நீங்களே ஊட்டிட்டுப் போறீங்களாண்ணா?" என்றார். சரி என்றேன். காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்து, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் தரையில் படுத்தார். நான் முதல் ஸ்பூனை எடுப்பதற்குள் தூங்கிவிட்டார். புரையேறிய கதையைக் கேட்ட பிறகும், கிண்ணம் என் கையில் இருக்கும்போதே தூங்கினார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மதியக் கஞ்சி என் வேலையானது. அவர் கோயிலுக்கோ கடைக்கோ போய்வருவார், சில நாள் சும்மா தூங்குவார். நண்பன் சில வருடம் கழித்து வேறொரு நோயில், நிம்மதியாகவே போனான். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்; ஆனால் என்னை நம்பி ஒருவர் பயமில்லாமல் தூங்கிய அந்த ஒரு மாலையைத்தான் நான் சம்பாதித்ததாக நினைக்கிறேன்.